இதயக் கருவி செய்ய இருவர் வேண்டும்

மணிக்கட்டில் ஒரு சிறு துளை. அதன் வழியே சுமார் 2 மில்லிமீற்றர் தடிப்பும் ஒரு மீற்றர் நீளமும் உள்ள குழாயொன்று நாடிக்குள் ஏறி இதயத்தின் வாசல்வரை போகிறது. நெஞ்சைத் திறக்காமலே அடைப்பு நீங்குகிறது. அந்தக் குழாய்தான் கதீட்டர். அஞ்சியோ செய்யக் கண்டிக்குப் போய்வந்த ஒருவரையாவது மாவனல்லையில் அநேகமாக எல்லாருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அந்தக் குழாயைக் கண்டுபிடித்துச் செய்வதும் ஒரு தொழில், அதற்குப் போக வழியும் உண்டு என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆளில்லை. கெட்டிக்காரப் பிள்ளை என்றால் டொக்டர், இல்லையென்றால் இஞ்சினியர் என்று பேச்சை முடித்துவிடுகிறோம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இந்த வேலையைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இந்தத் தொழிலின் வரலாறு ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. நோயாளியின் அருகில் நிற்கும் ஒருவரும் பொருளைக் கையால் அறிந்த ஒருவரும் சேரும் இடத்தில்தான் கருவி பிறக்கிறது. அரிதாக, அந்த இருவரும் ஒரே ஆளாக இருப்பதுண்டு.

ஜோடி சேர்ந்த நான்கு இடங்கள்

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் தோமஸ் ஃபோகார்ட்டி இளவயதிலேயே ஆஸ்பத்திரி உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தார். காலின் நாடியில் இரத்தக்கட்டி அடைத்தால் அன்று நீண்ட சத்திரசிகிச்சை செய்யவேண்டும். பலர் காலை இழந்தார்கள், சிலர் உயிரையே இழந்தார்கள். அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர், பிறகு மருத்துவம் படிக்கையில், ஒரு கதீட்டரின் நுனியில் சத்திரசிகிச்சைக் கையுறையின் விரல் நுனியைப் பொருத்திப் பார்த்தார். பசை பிடிக்கவில்லை. மீன்பிடிக்கச் செயற்கை ஈ கட்டும் பழக்கம் சிறுவயதிலிருந்தே இருந்ததால் நூலால் இறுக முடிச்சிட்டார். கட்டியைத் தாண்டிக் குழாயைச் செலுத்தி, பலூனை ஊதி, மெல்ல இழுத்தால் கட்டியும் கூடவே வெளியே வரும். 1960களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த அந்தக் கருவி இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது.

சூரிச் நகரில் வைத்தியர் அந்திரேயாஸ் குருன்ட்சிக்குக்கு வேறொரு சிக்கல். இதய நாடியின் அடைப்பை உள்ளிருந்து அகட்ட அவருக்கு ஒரு பலூன் வேண்டும். இறப்பர்பால் பலூன் அதற்கு உதவாது. அடைப்பு இறுக்கமாக இருந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு இருபுறமும் புடைக்கும். குறித்த அளவுக்கு மேல் விரியாத பலூன் தேவை. ஓய்வுபெற்ற இரசாயனப் பேராசிரியர் ஹைன்ரிக் ஹொப்ஃப் அவருக்குப் பீ.வீ.சீ.யைக் காட்டிக்கொடுத்தார். உதவியாளர் மரியா ஷ்லும்ஃப் உடனிருக்க, மாலை நேரங்களில் வீட்டுச் சமையலறை மேசையில் பலூன்கள் உருவாயின. 1977 செப்டெம்பர் 16இல் விழித்திருந்த நோயாளியின் இதய நாடி முதன்முதலாகப் பலூனால் திறக்கப்பட்டது.

நமக்குப் பக்கத்திலும் இப்படி நடந்திருக்கிறது. இராமேஸ்வரத்தில் பிறந்த ஏவுகணை விஞ்ஞானி அப்துல் கலாமும் ஹைதராபாத் இதய வைத்தியர் சோம ராஜூவும் 1990களில் சேர்ந்து, இந்திய ஏழைகளுக்குக் கட்டுப்படியாகும் கலாம்-ராஜூ ஸ்டென்டை, அதாவது நாடியைத் திறந்துவைக்கும் வலைக்குழாயை, உருவாக்கினார்கள். திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனமோ பெங்களூருவின் விமானத்துறை ஆய்வுக்கூடத்தோடு கைகோத்தது. அந்த ஆய்வுக்கூடம் கொடுத்த நிட்டினோல் உலோகத்தில், சோணையறைச் சுவரின் துளையைக் கதீட்டர் வழியே அடைக்கும் கருவி உருவாகி, 2020இல் புனே நிறுவனமொன்றுக்குத் தயாரிப்பு உரிமை வழங்கப்பட்டது. நிட்டினோல் பழைய வடிவத்தை மறக்காத உலோகம். மடித்துக் குழாய்க்குள் அனுப்பினாலும் வெளியே வந்ததும் விரிந்து தன் உருவத்தை எடுத்துக்கொள்ளும்.

இந்த நான்கிலிருந்தும் உங்கள் முதல் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எந்தப் பாதி என்று தீர்மானித்து, மற்றப் பாதியைத் தேடத் தொடங்குங்கள்.

சூடும் குளிரும்: பௌதிகவியல் பிள்ளைகளின் களம்

கதீட்டரின் வேலை அடைப்பை நீக்குவது மட்டுமல்ல. இதயம் மின்சாரத்தால் துடிக்கிறது. அந்த மின்சாரம் தவறான பாதையில் ஓடினால் துடிப்பு தாறுமாறாகும். அந்தப் பாதையைக் கதீட்டர் நுனியால் சுட்டு அணைப்பதே அப்லேஷன். சுமார் 500 கிலோஹேர்ட்ஸ் மின்னோட்டம் நுனியைச் சுற்றியுள்ள தசையைச் சூடாக்கும். சுமார் 50 பாகை செல்சியஸில் அந்தத் தசை மீளமுடியாதபடி செயலிழக்கும். 100 பாகையை நெருங்கினாலோ உள்ளே நீராவி உண்டாகித் தசை வெடிக்கலாம். ஆகவே நுனியிலிருந்து உப்புநீரைக் கசியவிட்டுக் குளிர்விக்கிறார்கள். சில மில்லிமீற்றர் இடத்துக்குள் சூடேற்றுவதும் குளிர்விப்பதும் ஒரே நேரத்தில் நடக்கவேண்டும். உயர்தரத்தில் படிக்கும் வெப்பக் கடத்தல் இங்கே உயிர் காக்கும் கணக்காகிறது.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. நைட்ரஸ் ஒக்சைட்டைப் பலூனுக்குள் விரியவிட்டு, நுரையீரல் நாளத்தின் வாயைச் சுற்றி உறையவைக்கும் கிரையோபலூனுக்கு அமெரிக்கா 2010இல் அனுமதி கொடுத்தது. ஆனால் இதயத்தின் பின்புறத்தை ஒட்டியே உணவுக்குழாய் இருப்பதால், சூடும் குளிரும் எல்லை தாண்டினால் அதையும் தாக்கும். இந்த ஆபத்தைக் குறைக்கத்தான் மைக்ரோசெக்கன் அளவிலான உயர் மின்னழுத்தத் துடிப்புகளால் கலங்களின் மென்சவ்வைத் துளைக்கும் புது முறை வந்தது. அதன் முதல் கருவிக்கு அமெரிக்க அனுமதி 2023 டிசம்பரில் கிடைத்தது. ஒரு கருவியின் குறைதான் அடுத்த கண்டுபிடிப்பாளரின் தொடக்கப் புள்ளி.

எந்த வாசலால் நுழைவது?

கணிதப் பிரிவு: மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவப் பொறியியலே தனிப் பாடநெறியாக இருக்கிறது. மூலப்பொருள் பொறியியலும் இரசாயனப் பொறியியலும் பலூனுக்கும் குழாய்க்கும் நேரடி வழி. பேராதனைப் பொறியியல் பீடம் மாவனல்லையிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது.

உயிரியல் பிரிவு: மருத்துவபீடம் கிடைக்காவிட்டால் கதவு மூடிவிட்டது என்று எண்ணவேண்டாம். பேராதனையின் இணைச் சுகாதார விஞ்ஞான பீடத்தில் கதிர்ப்படவியலும் தாதியியலும் படிக்கலாம். கதீட்டர் அறையில் எக்ஸ்ரே திரைக்கு முன் நிற்பவர்களில் அவர்களும் உண்டு. குழாய் எங்கே மடிகிறது, வைத்தியரின் கை எங்கே தடுமாறுகிறது என்பது அங்கே நிற்பவர்களுக்குத்தான் தெரியும். ஃபோகார்ட்டிக்குக் கண் திறந்ததும் அப்படியொரு இடத்தில்தான்.

தொழினுட்பப் பிரிவு, தொழிற்பயிற்சி: சீ.என்.சீ. இயந்திரம், அச்சு வார்ப்பு, நுண் வெல்டிங், இலத்திரனியல் பழுதுபார்த்தல் ஆகியவற்றில் என்.வி.கியூ. தகைமை போன்ற தேர்ச்சி பெற்றவர் இல்லாமல் எந்தக் கதீட்டரும் உருவாகாது. நுனியை வளைக்கும் கதீட்டரைப் பாருங்கள்: சைக்கிள் பிரேக் கேபிளைப் போல உள்ளே ஒரு கம்பி ஓடுகிறது, கைப்பிடியைத் திருப்பினால் ஒரு மீற்றர் தள்ளி நுனி வளைகிறது. கைவேலை தெரிந்தவரே அதைப் பிசகாமல் செய்வார்.

இறப்பர்: கேகாலை மாவட்டத்துக்கு இயற்கை தந்த பாதி இது. பலூன் கதீட்டர்களிலும் சிறுநீர்க் கதீட்டர்களிலும் இறப்பர்பால் நெடுங்காலம் உழைத்திருக்கிறது. அதிலுள்ள புரதத்தால் சிலருக்கு ஒவ்வாமை வருவதால் ஆஸ்பத்திரிகள் வேறு பொருள்களுக்கு மாறிவருகின்றன. புரதம் குறைந்த பாலைச் செய்வது எப்படி என்பது இரசாயனம் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைக்குக் காத்திருக்கும் கேள்வி. பால்வெட்டும் பெற்றோரின் அனுபவத்தைச் சிறிதாக எண்ணாதீர்கள். மழையில் பால் எப்படி மாறுகிறது, எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்பதெல்லாம் பொருளறிவுதான்.

எந்த வாசலால் போனாலும் ஆங்கிலம் வாசிக்கப் பழகுங்கள். உயர்தரத்தைத் தமிழில் எழுதியவருக்கும் நியமங்களும் ஆக்கவுரிமை ஆவணங்களும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கும். நாளுக்கு ஒரு பக்கம் போதும், ஆனால் விடாமல் வாசிக்கவேண்டும்.

வேலை நடக்கும் ஒழுங்கு

1. தேவையை ஒரே வசனத்தில் எழுதுங்கள். யாருக்கு, என்ன சிக்கல், எது மாறினால் போதும்? கருவியின் பெயர் அந்த வசனத்தில் வரக்கூடாது. வந்தால், விடையை முடிவுசெய்துவிட்டுக் கேள்வியைத் தேடுகிறீர்கள்.

2. ஏற்கெனவே இருப்பதைத் தேடுங்கள். இணையத்தில் ஆக்கவுரிமை ஆவணங்களை இலவசமாக வாசிக்கலாம். பொதுவாக ஆக்கவுரிமையின் காலம் 20 ஆண்டுகள். காலம் முடிந்தவை எல்லாருக்கும் சொந்தம். 1969இல் ஃபோகார்ட்டி பெற்ற ஆக்கவுரிமையை வரைபடங்களோடு இன்று யாரும் படிக்கலாம்.

3. மேசையில் சோதியுங்கள். ஒளிபுகும் குழாய், வெந்நீர், வெப்பமானி போதும். மனிதர் மேலோ விலங்கு மேலோ தன் உடல் மேலோ எதையும் முயலக்கூடாது. ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியில்லாமல் அந்தப் படி இல்லை.

4. நியமங்களை முதலிலேயே படியுங்கள். தரமுகாமைத்துவத்துக்கு ஐ.எஸ்.ஓ. 13485, ஆபத்து மதிப்பீட்டுக்கு 14971, உடலோடு ஒத்துப்போவதற்கு 10993, நாடிக்குள் செல்லும் கதீட்டருக்கு 10555. கருவி செய்து முடித்தபின் இவற்றைத் திறப்பவர்கள் பாதி வேலையைத் திரும்பச் செய்யவேண்டி வரும்.

5. தோல்விக்குக் காலம் ஒதுக்குங்கள். ஸ்ரீ சித்திரை நிறுவனத்தின் செயற்கை இதய வால்வின் முதல் மூன்று வடிவங்களும் கைவிடப்பட்டன. நான்காவதுதான் 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. உயர் இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரக நாடியைச் சுற்றியுள்ள நரம்புகளைச் சுடும் கதீட்டர், 535 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் 2014ஆம் ஆண்டு, நரம்பைச் சுடாமல் சுட்டதுபோல் காட்டும் போலிச் சிகிச்சையை மிஞ்சவில்லை. ஒரு மின்வாயை நான்காக்கி, சோதனை முறையையும் திருத்தி, மறுபடி ஆய்வு செய்து 2023 நவம்பரில் அமெரிக்க அனுமதி பெற்றார்கள். போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நேர்மைதான் நோயாளியைக் காப்பாற்றுகிறது.

6. இலங்கையில் மருத்துவக் கருவியைப் பதிவுசெய்வது, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. பதிவுக்கு என்னென்ன ஆவணங்கள் தேவை என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டு அறியுங்கள்.

வாயைத் திறக்குமுன் விண்ணப்பம்

பாடசாலைக் கண்காட்சியிலோ முகநூலிலோ கருவியின் உள்விவரத்தைக் காட்டியபின் ஆக்கவுரிமை கேட்டால், பல நாடுகள் மறுத்துவிடும். கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் முதலில் விண்ணப்பியுங்கள். அந்தத் திகதியிலிருந்து 12 மாதங்களுக்குள், அதே முன்னுரிமையோடு வெளிநாடுகளிலும் விண்ணப்பிக்கலாம். கண்டுபிடிப்பாளர்களுக்கு வழிகாட்டவே 1979இன் சட்டத்தால் அமைக்கப்பட்ட இலங்கை கண்டுபிடிப்பாளர்கள் ஆணைக்குழுவையும் நாடுங்கள். இருவர் சேர்ந்து செய்தால் யாருக்கு என்ன பங்கு என்பதை முதல் நாளே எழுதிக் கையொப்பமிடுங்கள். நட்பு நிலைக்க அதுவே வழி.

இந்தத் தவணையிலேயே செய்யக்கூடியவை

உங்கள் பாடசாலையில் உயிரியல் படிக்கும் ஒருவரும் பௌதிகவியலோ தொழினுட்பவியலோ படிக்கும் ஒருவரும் சேர்ந்து இருவர் குழுவாகுங்கள். சிங்கள மொழிமூல மாணவர் ஒருவர் சேர்ந்தால் இன்னும் நல்லது, பிற்காலத்தில் இணைந்து வேலை செய்யப்போகும் சகபாடிகள் அவர்கள்தான். அஞ்சியோ செய்துகொண்ட உறவினரிடம் எது வலித்தது, எது பயமூட்டியது, எவ்வளவு நேரம் அசையாமல் படுத்திருந்தார் என்று மரியாதையோடு கேட்டு எழுதுங்கள். தெரிந்த தாதி இருந்தால், நோயாளியின் பெயர் விவரம் எதையும் கேளாமல், எந்தக் கருவி அவருக்கு அதிக தொல்லை தருகிறது என்று மட்டும் கேளுங்கள். வந்த பதில்களிலிருந்து ஒரு தேவை வசனத்தை எழுதி விஞ்ஞான ஆசிரியரிடம் காட்டுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளை அந்த வசனத்தோடு வந்தால், இசட் புள்ளியைப் பார் என்று திருப்பி அனுப்பாதீர்கள். அந்தக் கேள்விக்குப் பொருத்தமான மற்றப் பாதியை அறிமுகம் செய்துவையுங்கள். நம் நோயாளிகளின் நாடிக்குள் போகும் கருவிகள் பெரும்பாலும் கடல் கடந்துதான் வருகின்றன. அவற்றில் ஒன்றையாவது நாமே செய்ய, படுக்கையருகே பார்த்தவரும் பட்டறையில் செய்பவரும் ஒரே மேசையில் உட்காரவேண்டும். அந்த மேசையை மாவனல்லையின் ஒரு வகுப்பறையிலேயே போட்டுவிடலாம்.