பாயும் கோலமும் கணினித்திரையும்

தாமிரபரணிப் பாசனப் பகுதியில், சேரன்மகாதேவிக்கு அருகே உள்ள பத்தமடை, கோரைப்பாய்க்குப் பெயர்பெற்ற ஊர். நூலைப் பாவாக விரித்து, கோரையை ஊடையாகச் செலுத்தி அங்கே பாய் நெய்கின்றனர். சாயமேற்றிய கோரை எவ்வரிசையில் வருகிறது என்பதைப் பொறுத்தே கரையும் பூவும் உருப்பெறுகின்றன. நெய்து முடிந்த பாயின் நுணுக்கம் அதன் இழைகளின் எண்ணிக்கையோடு நின்றுவிடும். அதன் ஒளிப்படத்தைப் பெரிதாக்கினால் கோரை தடிக்குமேயன்றிப் புதிய இழை தோன்றாது.

கோலத்தின் இயல்பு வேறு. '7 புள்ளி, 4 வரை, இடைப்புள்ளி' என்று சொன்ன அளவிலேயே நெல்லைத் தெருக்களில் கோலமிடுவோர் புள்ளிகளை வைத்துவிடுவர். கம்பி எப்புள்ளியைச் சுற்றி எங்கே வளையும் என்பதும் தெரிந்துவிட்டால், வீட்டு வாயிலிலும் இடலாம். கோயில் முற்றம் நிறையவும் இடலாம். வடிவம் சிதையாது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1974ஆம் ஆண்டிலேயே கோலத்தின் விதிகளைக் கணினியியல் நோக்கில் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர்.

கணினித் திரையில் தோன்றும் படங்களும் இவ்விரு வகையினவே. படப்புள்ளிகளால் ஆன படம் பாயைப் போன்றது. வெக்டர் படமோ கோலத்தைப் போன்றது. கோடு எங்கே தொடங்குகிறது, எவ்வாறு வளைகிறது, என்ன நிறம் பெறுகிறது என்னும் கட்டளைகளே அதன் கோப்பில் இருக்கும். 2001ஆம் ஆண்டில் பொதுத்தரமாக ஏற்கப்பட்ட எஸ்விஜி வடிவில் இக்கட்டளைகளைச் சாதாரண எழுத்துகளாகவே படிக்கலாம்.

மேசைக்கணினிச் செயலி ஒன்றின் பொத்தான்களில் உள்ள படவுருக்களைப் படப்புள்ளிகளாகச் சேமிப்பதாயின், 16, 32, 48 என ஒவ்வோர் அளவுக்கும் தனிப்படம் வேண்டும். பார்வை மங்கிய முதியவர் திரையை இருமடங்கு பெரிதாக்கும்போது, அவ்வளவுக்குரிய படம் இல்லையெனில் பொத்தானின் பொருளே விளங்காமல் போகும். எஸ்விஜி கோப்பைப் பட மூலமாகக் கொண்ட செயலிக்கு இவ்விடர் இல்லை. அது கட்டளைகளைப் படித்து, தேவைப்படும் அளவிலேயே படத்தைத் தீட்டிக்கொள்கிறது. இருண்ட பின்னணிக்கு மாறும்போது நிறக்கட்டளையை மாற்றினால் போதும்.

ஆயினும், தீட்டிய படம் திரைக்கு வரும்போது படப்புள்ளிகளாகவே வருகிறது. அதாவது கோலத்தையும் இறுதியில் பாயாகவே நெய்தாக வேண்டும். இதை மறப்போர் பலர். ஒரு படப்புள்ளி அகலமுள்ள கோடு இரண்டு புள்ளி வரிசைகளுக்கு நடுவே விழுந்தால், இரண்டிலும் பாதி நிறம் பரவிக் கோடு மங்கும். பெரிய அளவில் அழகாக விளங்கிய நுண்கோடுகள் 16 படப்புள்ளி அகலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கறையாகிவிடும். ஆகவே தேர்ந்த வடிவமைப்பாளர், கோடுகளைப் புள்ளி வரிசைகளோடு பொருந்த அமைப்பர். மிகச் சிறிய அளவுக்கென உள்விவரங்களைக் குறைத்து, எளிய வடிவம் ஒன்றைத் தனியே வரைந்து வைப்பர்.