குடித்ததும் பிரஷ்ஷை எடுக்காதீர்கள்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் தினமும் கோலா குடிக்கிறான். உடனே பல் துலக்கிவிடுவதால் பாதிப்பில்லை என்கிறான். இப்போது ஐஸ் வாட்டர் பட்டாலே பல் கூசுகிறதாம். சர்க்கரை இல்லாத ‘டயட்’ வகைக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. சொத்தைக்குத்தான் சர்க்கரை காரணம். எனாமலை அரிப்பது அமிலம். அது டயட் கோலாவிலும் இருக்கிறது. பி.ஹெச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே போனாலே எனாமல் கரையத் தொடங்கும். கோலாவின் அளவோ 2.5-ஐ ஒட்டியது, கிட்டத்தட்ட எலுமிச்சைச் சாறுதான், இனிப்பு அதை மறைத்துவிடுகிறது.

உடனே துலக்குவது கெடுதலைக் கூட்டும். அமிலத்தில் ஊறி இளகிய மேற்பரப்பை பிரஷ் தேய்த்தே எடுத்துவிடும். வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்கட்டும். அதற்குள் உமிழ்நீர் தன் வேலையைச் செய்யும். ஒரு பாட்டிலை மணிக்கணக்கில் உறிஞ்சுவதைவிடச் சாப்பாட்டோடு குடித்து முடிப்பது மேல் (குடிக்கச் சொல்லவில்லை!). ஸ்ட்ரா ஓரளவு உதவும். படுக்கும் முன் வேண்டவே வேண்டாம். தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும். ஃபுளூரைடு பற்பசையும் மென்மையான பிரஷ்ஷும் போதும். போன எனாமல் மீண்டும் வளராது. கூச்சம் வந்துவிட்டதால் பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.