பட்டம் தெளிப்பதும் பாத்தி கட்டுவதும்

சிறுவர் குழுக்களை நடத்துவோருக்கும் பாடசாலைத் தோட்டத்தைப் பொறுப்பேற்றுள்ள ஆசிரியர்களுக்கும் உரிய பாடம் இது. இரண்டு சந்திப்புகளில் நடத்தலாம். முதலாவதில் கீழேயுள்ள கதையை வாசித்துப் பேசுங்கள். இரண்டாவதைத் தோட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் நாம் ‘பகிடி’ என்ற சொல்லைத் தாராளமாகப் பாவிக்கிறோம். ஒரு பிள்ளைக்குப் பட்டம் தெளித்தாலும் பகிடி, புத்தகப் பையை ஒளித்து வைத்தாலும் பகிடி. பிள்ளை அழுதுகொண்டு வந்து சொன்னால், “அவன் பகிடிக்குச் செய்தவன், நீ விடு” என்று அனுப்பிவிடுகிறோம். இதே காரியம் பல்கலைக்கழகத்தில் நடந்தால் ‘பகிடிவதை’ என்கிறோம். 1997இல் பேராதனையில் ஒரு மாணவர் உயிரிழந்த பின், 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஏழாம் வகுப்பில் நடப்பதற்கு மட்டும் எமது வாயில் இன்னும் பகிடி என்றே பெயர்.

நோர்வே நாட்டு உளவியலாளர் டான் ஒல்வேயுஸ் 1970களிலிருந்து இதை ஆராய்ந்தவர். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க இயலாதவருக்குச் செய்வது ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது விளையாட்டல்ல என்பது அவருடைய அளவுகோல். எமது ஊர்களில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது மூன்றாவது. ஏனெனில் பிள்ளைகள் தெளிக்கும் பட்டங்கள் பல அவர்கள் கண்டுபிடித்தவையல்ல. சாதி, இடம்பெயர்ந்து வந்த ஊர், தகப்பன் இல்லாத வீடு என்று பெரியவர்கள் திண்ணையில் பேசியவை அவை. பிள்ளை அதைப் பாடசாலைக்குக் கொண்டுபோகிறது, அவ்வளவுதான்.

இதற்கு எமது பாடசாலைகளில் ஒரு வரலாறும் உண்டு. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருந்து படித்த காலம் ஒன்று இருந்தது. அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாருக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவு 1930ஐ ஒட்டி வந்தபோது, அதற்கு எதிராக மனுக்கள் எழுந்தன. பாடசாலைகள் சில எரிக்கப்பட்டன. ஹன்டி பேரின்பநாயகமும் தோழர்களும் 1924இல் தொடக்கிய மாணவர் காங்கிரஸ், பின்னாளில் வாலிபர் காங்கிரஸ், சம ஆசனத்தின் பக்கம் நின்றது. வாங்கு கிடைத்தது பெரிய காரியம். ஆனால் வாங்கில் பக்கத்தில் இருக்கும் பிள்ளையோடு பேசும்படி எந்த உத்தரவும் போட முடியவில்லை. அந்த மிச்ச வேலைதான் இன்றும் எங்கள் கையில் இருக்கிறது.

இனிக் கதை. ஆறுதலாக, குரலை உயர்த்தாமல் வாசியுங்கள்.

தரம் ஏழில் ஒரு பிள்ளை புதிதாக வந்து சேர்ந்தாள். அவளுடைய குடும்பம் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தது. அவள் பிறந்ததே நலன்புரி முகாமில்தான். முதல் நாளே வகுப்பில் ஒரு பெடியன் அவளுக்கு ‘முகாம்’ என்று பட்டம் தெளித்தான். அவனுடைய தகப்பனுக்கு இருபது பரப்புத் தோட்டமும் தண்ணீர் இறைக்கிற மிசினும் இருந்தன. “முகாம், கொப்பியைத் தா.” “முகாம், தள்ளி இரு.” ஒரு மாதத்தில் அவளுடைய பெயர் இடாப்பில் மட்டுமே இருந்தது.

அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் ஒருநாளும் அந்தப் பட்டத்தைச் சொல்லவில்லை. மற்றவர்கள் சொல்லும்போது சிரித்தாள். சிரிக்காவிட்டால் அடுத்த பட்டம் தனக்குத்தான் என்று அவளுக்குத் தெரியும்.

மாரி ஓய்ந்து தை பிறந்ததும் ஆசிரியை பாடசாலை வளவில் ஆறு பாத்தி போடச் சொன்னார். கத்தரிக் கன்று நட்டார்கள். தண்ணீர் விடும் நாளில், “எனக்கு எல்லாம் தெரியும்” என்று பெடியன் குழாயை முழுதாகத் திறந்துவிட்டான். செம்மண் கரைந்து முதற் பாத்தியின் வரம்பு உடைந்தது, கன்றுகள் சாய்ந்தன. எல்லாரும் கத்தினார்கள். புதிய பிள்ளை மண்வெட்டியை எடுத்து வாய்க்காலின் குறுக்கே நாலு கொத்து மண் வெட்டிப் போட்டு, காலால் அணைத்தாள். தண்ணீர் திரும்பி மெதுவாக இரண்டாம் பாத்திக்குள் போனது.

“ஆர் உனக்குத் தண்ணி மாறப் பழக்கினது?”

“எங்கட அப்பு, ரீச்சர். எங்கட காணி திரும்பக் கிடைச்சாத் தேவைப்படும் எண்டு, முகாமில கழுவுற தண்ணியை வாழைக்கு விட்டுப் பழக்கினவர்.”

“முகாமில தோட்டமோ!” என்றான் பெடியன். ஒருவரும் உடனே சிரிக்கவில்லை. எல்லாரும் பக்கத்து வாங்குப் பிள்ளையைப் பார்த்தார்கள். வழக்கமாக முதலில் சிரிப்பவள் அவள்தான்.

கதை இங்கே நிற்கிறது. மிகுதியைப் பிள்ளைகள் சொல்லட்டும். ஆனால் கேள்வியைக் கவனமாகக் கேளுங்கள். ‘அவள் என்ன செய்திருக்க வேண்டும்?’ என்று கேட்டால் பரீட்சைக்குரிய விடைதான் வரும். ‘அவள் என்ன செய்திருப்பாள்?’ என்று கேளுங்கள். ‘சிரித்திருப்பாள்’ என்று ஒரு பிள்ளை சொன்னால் திருத்த வேண்டாம். அந்தப் பிள்ளைதான் உண்மையைச் சொல்லத் தொடங்கியிருக்கிறது. உங்கள் குழுவில் முகாமிலிருந்து வந்த பிள்ளை இருந்தால், கதையின் பட்டத்தை வேறொன்றாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒருவரும் அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்க்க இடம் வைக்கக்கூடாது.

கதையைச் சமாதானத்தில் முடித்துவிட வேண்டும் என்று பலருக்குத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியதுண்டு. ஒரு குழுவில் அடித்தவனையும் அடிவாங்கியவனையும் முன்னுக்கு அழைத்து, மன்னிப்புக் கேட்கவைத்துக் கைகொடுக்கச் செய்தோம். எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்த கிழமை அடிவாங்கிய பிள்ளை வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. நாங்கள் எங்கள் திருப்திக்காக அவனை இரண்டாம் முறை கூட்டத்தின் நடுவில் நிறுத்தியிருக்கிறோம் என்பது பிந்தித்தான் விளங்கியது.

1954இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் முசாபர் ஷெரிப் என்ற அறிஞர் ஒரு கோடைகால முகாமில் இருபத்திரண்டு சிறுவர்களை இரண்டு அணிகளாக்கிப் போட்டியிட விட்டார். பகை மூண்டது. இரு அணிகளையும் ஒன்றாக இருத்திச் சாப்பாடு கொடுத்தபோது அவர்கள் உணவை எறிந்து சண்டையிட்டார்கள். முகாமுக்கு வரும் தண்ணீர் தடைப்பட்டு எல்லாருமாகப் பழுதைத் தேட வேண்டி வந்தது. இப்படிப்பட்ட வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த பின்னரே பகை தணிந்தது. தடையை உண்டாக்கியவர்களும் ஆய்வாளர்களே. சிறுவர்களுக்குத் தெரியாமல் அவர்களை மோதவிட்டது நியாயமல்ல என்று இன்று பலர் குறை கூறுகிறார்கள். எமக்கும் அதே கருத்துத்தான். ஆனாலும் அதில் ஒரு செய்தி இருக்கிறது. ஒன்றாக இருத்துவது போதாது, இருவருக்கும் ஒரு தேவை வேண்டும்.

இதை அப்படியே எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுவரவும் முடியாது. அங்கே மோதியவை ஏறக்குறைய சம பலமுள்ள இரண்டு அணிகள். எங்கள் கதையில் ஒரு பக்கம் முழு வகுப்பு, மறுபக்கம் ஒரு பிள்ளை. ஆகவே முதல் மாதத்தில் பட்டம் தெளித்தவரையும் அதைச் சுமந்தவரையும் ஒரே பாத்தியில் விடாதீர்கள். பக்கத்தில் நின்று சிரித்த பிள்ளையை அந்தப் பிள்ளையோடு விடுங்கள். அவர்களிடையே சினேகிதம் வருவது இலகு. சிரிப்பவர் ஒருவர் குறைந்தால் பட்டம் தெளிப்பவனுக்குச் சபை குறைகிறது. அவனுக்கும் வேறு பாத்தியில் பொறுப்பான வேலை கொடுங்கள். அவனை வெட்கப்படுத்த வேண்டாம், கவனிக்காமல் விடவும் வேண்டாம்.

வேலை இருவர் சேர்ந்தால் மட்டும் முடிவதாக இருக்கட்டும். ஒருவர் வாளியால் ஊற்ற, மற்றவர் வரம்பு பார்க்கட்டும். பயற்றைக்குக் கொம்பு நடும்போது ஒருவர் பிடிக்க, மற்றவர் கட்டட்டும். துலா இருந்த காலத்தைப் பாட்டன்மாரிடம் கேட்டுவரச் சொல்லலாம். மேலே துலாவில் நடப்பவரின் உயிர் கீழே பட்டை பிடிப்பவரின் நிதானத்தில் இருந்தது. அதே ஊர்களில் சிலருக்குக் கிணற்றில் அள்ளும் உரிமையே மறுக்கப்பட்டதையும் மறைக்காமல் சேர்த்துச் சொல்லுங்கள்.

மட்டக்களப்பில் 1996இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைச் சிலர் அறிந்திருப்பீர்கள். யேசு சபைக் குருவான போல் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் அதன் முன்னோடிகள். போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் சிறுவர்கள் அங்கே ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள், செடிகளோடு இருந்தார்கள். ஒரு குழு பல மாதங்கள் தொடர்ந்து வந்தது. அந்த நீளத்தை நாம் கவனிக்க வேண்டும். எமது பாடசாலைகளில் ஒரு தவணையாவது வேண்டும்.

அதனால் விரைவில் பலன் தருவதையும் பிந்திப் பலன் தருவதையும் சேர்த்தே நடுங்கள். முளைக்கீரையை மூன்று, நான்கு கிழமைகளில் பிடுங்கலாம்; பயற்றங்காய்க்கு ஏறக்குறைய இரண்டு மாதம்; கத்தரிக்கு அதிலும் கூட. மாட்டெருவும் குழையும் போதும், உரப் பை வேண்டாம். கிணற்றடிக்குப் பெரியவர் இல்லாமல் பிள்ளைகள் போகக்கூடாது.

முதற் கீரைக் கட்டு யார் வீட்டுக்குப் போவது என்பதை விதைக்கும் நாளிலேயே பேசி முடித்துவிடுங்கள். நாங்கள் அதை மறந்துபோனோம். நன்றாக ஒத்து வேலை செய்த இரண்டு பிள்ளைகள் ஒரு பிடி கீரைக்காக மூன்று நாள் பேசாமல் இருந்தார்கள். நாலாம் நாள் தண்ணீர் முறை வந்தபோது, “வாளியைப் பிடி” என்றுதான் மறுபடி பேச்சுத் தொடங்கியது.