இடத்தைக் கடற்சாமந்தியே தேடிக்கொள்ளும்

1828-இல் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் ஜான் டால்யெல் என்ற இயற்கையியலாளர் எடுத்துவந்த ஒரு கடற்சாமந்தி, எடின்பரோவில் கண்ணாடிக் குடுவையொன்றில் 1887 வரை உயிரோடு இருந்தது. அந்தக் குடுவைக்கு மின்விளக்கும் பம்பும் இல்லை. கடல்நீரை மாற்றி மாற்றி ஊற்றித்தான் காப்பாற்றினார்கள். சிட்னியிலும் மெல்பர்னிலும் ஆயிரக்கணக்கான டாலர் செலவில் அமைத்த ரீஃப் தொட்டியில் ஒரு கடற்சாமந்தி சில மாதங்களில் கரைந்து போனால், ஆயுள் குறைவு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தவறான நம்பிக்கைகள்தான் அதைக் கொல்கின்றன.

நம்பிக்கை: தண்ணீர் தெளிவாக இருக்கிறது, அமோனியா இல்லை, இனி வாங்கலாம்.

அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்றால் மீன் விடலாம். கடற்சாமந்திக்கு அது போதாது. தொட்டிக்குக் குறைந்தது ஆறு மாத வயதாவது வேண்டும், ஒரு வருடம் ஆனால் இன்னும் நல்லது. வெப்பம் 25 டிகிரியை ஒட்டி, உப்புநீரின் ஒப்படர்த்தி 1.025-ஐ ஒட்டி, நாளுக்கு நாள் ஆடாமல் நிற்க வேண்டும். மெல்பர்ன் 2009 பிப்ரவரி 7 அன்று 46.4 டிகிரியைக் கண்டது. சிட்னியின் மேற்கே பென்ரித்தில் 2020 ஜனவரி 4 அன்று 48.9. அப்படிப்பட்ட மதியத்தில் வீட்டில் ஆளில்லாமல் ஏ.சி.யும் அணைந்திருந்தால் சிறிய தொட்டி சில மணி நேரத்தில் கைமீறிவிடும். சில்லர் இல்லாதவர்கள் நீர்ப்பரப்பின் மேல் விசிறியாவது வைக்க வேண்டும். ஆவியாகும் அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. நீரை ஊற்றி ஈடுகட்ட வேண்டும்.

நம்பிக்கை: குழாய்த் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து ஒரு ராத்திரி வைத்தால் போதும்.

ஊரில் பழகிய வழக்கம் இது. குளோரின் மட்டும் இருந்தால் ஓரளவு பலிக்கும். சிட்னியின் பல பகுதிகளுக்குக் குளோரமைன் கலந்த நீர் வருகிறது. அது காற்றில் அப்படி எளிதில் பறந்துபோகாது. மெல்பர்ன் நீர் பெரும்பாலும் மலைக்காடுகளிலிருந்து வருவதால் மென்மையானது, ஆனாலும் கிருமிநீக்கம் செய்யப்பட்டதுதான். இரண்டு ஊரிலும் ஆர்.ஓ. வடிகட்டி நீர்தான் பாதுகாப்பு. தொட்டியில் எப்போதாவது மீன் நோய்க்குச் செம்பு மருந்து போட்டிருந்தால், அங்கே சாமந்தியை விடவே கூடாது. முதுகெலும்பில்லாத உயிர்களுக்குச் செம்பு விஷம்.

நம்பிக்கை: அழகாகத் தெரியும் இடத்தில் நாமே வைத்து, கல்லை அண்டை கொடுத்து நிறுத்தலாம்.

சாமந்திகளை அதிகம் காயப்படுத்துவது இந்த நல்லெண்ணம்தான். கடற்சாமந்தி நடக்கும். அடியில் இருக்கும் பாதத்தால் ஊர்ந்துபோய், வெளிச்சமும் நீரோட்டமும் தனக்கு ஒத்துவரும் இடத்தைத் தேடும். பபிள் டிப் வகை பாறை இடுக்கில் பாதத்தை ஒளித்துக்கொண்டு கரங்களை மட்டும் வெளியே விரிக்கும். வேறு சில வகைகளுக்குப் பாதத்தைப் புதைக்க மணல் வேண்டும். எந்த வகை என்று தெரியாமல் வாங்காதீர்கள்.

கொண்டுவந்த அன்று, தொட்டி நீரை மெல்லிய குழாய் வழியே சொட்டுச் சொட்டாகக் கலந்து ஒரு மணி நேரமாவது பழக்குங்கள். பை நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். பம்புகளை நிறுத்தி, கையுறை போட்டு, பாதம் இடுக்கைத் தொடுமாறு இறக்கி வையுங்கள். பிடித்துக்கொண்ட பிறகு நீரோட்டத்தைப் படிப்படியாகக் கூட்டலாம். முதல் சில நாள் விளக்கும் மட்டாகவே எரியட்டும். சாமந்தியை இறக்குவதற்கு முன்பே பம்பு, வேவ்மேக்கர் எல்லாவற்றின் வாயையும் ஸ்பாஞ்சாலோ வலையாலோ மூடியிருக்க வேண்டும். அலைந்து திரியும் சாமந்தி அதில் சிக்கி அரைபட்டால், செத்தது அழுகித் தொட்டியிலுள்ள மற்ற உயிர்களையும் கொண்டுபோகும்.

பிறகு தொடாதீர்கள். இடம் பிடிக்கச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். பின்பக்கம் போய் ஒளிந்துகொண்டாலும் பாதத்தைப் பிய்த்து எடுக்கக் கூடாது. பாதம் கிழிந்தால் அழுகிச் சாமந்தியே செத்துவிடலாம். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் கல்லோடு சேர்த்து நகர்த்துங்கள்.

நம்பிக்கை: சுருங்கிவிட்டால் செத்துவிட்டது.

உடலிலுள்ள நீரையும் கழிவையும் வெளியேற்ற அவ்வப்போது சுருங்குவது அதன் இயல்பு, மீண்டும் விரியும். நாள்கணக்கில் சுருங்கியே கிடந்து, வாய் பிளந்து, உடல் கூழாகி நாற்றமெடுத்தால்தான் உடனே எடுத்துவிட வேண்டும்.

நம்பிக்கை: வெள்ளை வெளேரென்று இருப்பது அரிய வகை.

அது வெளிறிப்போன சாமந்தி. அதன் திசுக்களில் குடியிருந்து ஒளியிலிருந்து உணவு தயாரித்துத் தரும் நுண்பாசி போய்விட்டது என்று பொருள். கடையில் அதைக் கண்டால் விட்டுவிடுங்கள். கண்ணைப் பறிக்கும் மஞ்சளில் இருந்தால், வெளிறியதற்குச் சாயம் ஏற்றியதா என்று சந்தேகப்படுங்கள். நுண்பாசி நன்றாக இருந்தால் தினமும் ஊட்டவும் தேவையில்லை. வாரம் ஒருமுறை நகத்தளவு இறால் துண்டு போதும். பெரிய துண்டு போட்டால் கக்கிவிடும்.

நம்பிக்கை: கோமாளி மீனுக்குச் சாமந்தி இல்லாமல் முடியாது.

கடலில் உண்மை, தொட்டியில் இல்லை. தின்ன வரும் பெரிய மீன் இல்லாத இடத்தில் கோமாளி மீனுக்கு அரண் தேவைப்படுவதில்லை. மண்டபம் என்ற ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் செய்வதுபோல் பொரிப்பகத்தில் வளர்த்த குஞ்சு, பக்கத்தில் சாமந்தி இருந்தும் கண்டுகொள்ளாமல் போகலாம். நீமோ படத்தால் புகழ்பெற்ற ஆசெல்லாரிஸ் மீன் இயற்கையில் பபிள் டிப்பில் வாழ்வதும் இல்லை. சாமந்தி நன்றாக வேரூன்றிய பிறகே மீனை விடுங்கள். புதிதாக வந்த சிறு சாமந்தியை மீன் உரசி உரசியே நோகடித்துவிடும்.

நம்பிக்கை: கடற்கரைப் பாறையில் எடுத்தால் செலவில்லை.

சிட்னி, மெல்பர்ன் பாறைகளில் அலை இறங்கும்போது சிவப்புக் குமிழாகத் தெரியும் வாரட்டா சாமந்தி குளிர்நீர் உயிர். உடலில் அந்த நுண்பாசியும் கிடையாது. ரீஃப் தொட்டியின் ஓயாத சூடு அதற்கு ஆகாது. மேன்லியின் கேபேஜ் ட்ரீ பே போன்ற இடங்களில் எதையும் எடுப்பது சட்டவிரோதம்.

கடையில் வாங்குவதற்கும் யோசனை வேண்டும். குயின்ஸ்லாந்தின் கெப்பல் தீவுகளில் 2006-இல் நேர்ந்த வெளிறலும் மீன்தொட்டி வணிகத்துக்கான சேகரிப்பும் சேர்ந்து, அங்கே சாமந்தியையும் அதை நம்பிய மீனையும் குறைத்ததாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். பபிள் டிப் தொட்டியிலேயே இரண்டாகப் பிரிந்து பெருகும் உயிர். உங்கள் ஊரில் ரீஃப் தொட்டி வைத்திருப்பவர்களிடம் விசாரியுங்கள்; அப்படிப் பிரிந்த ஒன்று கிடைக்கும்வரை காத்திருந்து வாங்குங்கள்.