கால் ஊன்றாக் கலை

நுழையும்முன்
விரைந்து செல்பவரே வெல்வர் என்பது பந்தயங்களின் பொதுவிதி. விரைவை அளக்காமல் நிலைகுலையாமையை அளக்கும் மோட்டார் சைக்கிள் போட்டியும் உண்டு. அதன் பெயர் ‘டிரயல்ஸ்’.

ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் நகரை மையமாகக் கொண்டு நடைபெறும் ஆறு நாள் டிரயல்ஸ் புகழ்பெற்றது. 1909ஆம் ஆண்டில் ஐந்து நாள் போட்டியாகத் தோன்றிய அது, பின்னர் ஆறு நாள்களாக விரிந்தது. தொழில்முறை வீரரும் விருப்பத்திற்காக ஓட்டுபவரும் அங்கே ஒரே தடத்தில் செல்வர்.

விதிமுறைகள்
பாறை, ஓடை, சேறு நிறைந்த வழியில் குறுகிய தடப்பகுதிகள் எல்லையிட்டுக் காட்டப்படும். போட்டியாளர் அவற்றை நடந்து பார்க்கலாம்; ஓட்டிப் பார்த்தல் கூடாது. ஒருமுறை கால் ஊன்றினால் ஒரு தண்டப்புள்ளி, இருமுறைக்கு இரண்டு, அதற்குமேல் எத்தனைமுறை ஊன்றினும் மூன்று. வண்டியிலிருந்து வீழ்ந்தாலோ எல்லைக்கு வெளியே சென்றாலோ ஐந்து. குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர்.

கண்காணிப்பாளர்
ஒவ்வொரு தடப்பகுதியிலும் கண்காணிப்பாளர் ஒருவர் நிற்பார். மன்றங்கள் நடத்தும் போட்டிகளில் அவர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தன்னார்வலர். கால் தரையில் பட்டதா, இல்லையா என்பதற்கு அவர் கண்ணே சான்று. வருபவர் நண்பராயினும் புகழ்பெற்ற வீரராயினும் கண்டதையே அவர் குறித்தல் வேண்டும். அவர் முன்வராவிடில் போட்டி இல்லை. அவர் நடுவுநிலை பிறழ்ந்தால் வெற்றிக்குப் பொருளில்லை.

கற்பவை கற்றபின்
நடுவுநிலை தவறாத ஒருவரை நீங்கள் கண்ட நிகழ்வை ஒரு பத்தியில் எழுதுக.