இரு வீச்சு இயந்திரத்தின் தேய்மானத்தை அறிவது எப்படி?

பொழுது புலரும் முன்னரே பால்வெட்டுக்குப் புறப்படும் நம்மில் பலருக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று. அன்றாடப் பிழைப்புக்கு உறுதுணையான கருவியாகும். புல் வெட்டும் இயந்திரமும், முதுகில் சுமந்து மருந்து தெளிக்கும் இயந்திரமும் அத்தகையனவே. இவற்றுள் பல, பட்டறைகளில் 'டூ ஸ்ட்ரோக்' என்று வழங்கப்பெறும் இரு வீச்சு இயந்திரங்களால் இயங்குகின்றன. 1985ஆம் ஆண்டில் மலேசியச் சந்தைக்கு வந்த யமஹா ஆர்.எக்ஸ்.இசட். மோட்டார் சைக்கிளும் இவ்வகையைச் சார்ந்ததே. 2011ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்ற பின்னரும் அதனைப் பேணி ஓட்டுவோர் உளர்.

இத்தகைய இயந்திரம் வலுவிழக்கும்போது, பிஸ்டனை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணிப் பணத்தைச் செலவிடுவோர் பலர். சில மாதங்களில் பழைய கோளாறு மீண்டும் தலைகாட்டும். தேய்ந்தது எது, எவ்வளவு தேய்ந்தது, ஏன் தேய்ந்தது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காணாமல் பொருளை மாற்றுவதே இதற்குக் காரணம். அவ்விடைகளைக் காணும் முறையை இங்கு ஆராய்வோம்.

பிஸ்டனின் இரட்டைப் பணி

சிலிண்டர் என்பது உருளை வடிவமான கூடு. அதனுள் மேலும் கீழும் ஓடுவது பிஸ்டன். பிஸ்டனைச் சுற்றியுள்ள பள்ளங்களில் அமர்ந்து, அழுத்தம் கசியாமல் காப்பவை ரிங்குகள். இரு வீச்சு இயந்திரத்தில், சிலிண்டர்ச் சுவரிலுள்ள வழிகளைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. பெட்ரோலுடன் சேர்ந்து உள்ளே செல்லும் எண்ணெய்தான் இவ்வுறுப்புகள் உராய்ந்து தேயாமல் காக்கின்றது. எண்ணெய் குறைந்தாலும், காற்றோடு தூசி நுழைந்தாலும் முதலில் துன்புறுவது பிஸ்டனும் சிலிண்டருமே.

வெளியில் தெரியும் அறிகுறிகள்

தேய்ந்த இயந்திரம் சூடாக இருக்கும்போது எளிதில் உயிர் பெறாது. உதைக்கும்போது காலுக்கு முன்பிருந்த எதிர்ப்புத் தெரியாது. மேட்டில் ஏறத் திணறும். காலையில் முடுக்கியவுடன் 'டக டக' என்னும் உலோக ஒலி எழுந்து, சூடேறியதும் குறையுமாயின், சிலிண்டருக்குள் பிஸ்டன் தளர்ந்து ஆடுகிறது என்று ஐயுறலாம். ஆனால் புகையை மட்டும் கண்டு முடிவு செய்தல் தவறு. எண்ணெயை எரிக்கும் இவ்வகை இயந்திரம் ஓரளவு நீலப் புகை விடுவது இயல்பேயாகும்.

அழுத்தச் சோதனை

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் துளையில் அழுத்தமானியைப் பொருத்த வேண்டும். தீப்பொறி எழாதவாறு மின்விசையை நிறுத்தி, அருகில் நெருப்பில்லாதபடி பார்த்துக்கொள்வோம். பிறகு எரிபொருள் முறுக்கியை முழுதும் திறந்து பிடித்து, முள் மேலும் ஏறாத வரையில் ஐந்தாறு முறை உதைக்க வேண்டும். நல்ல நிலையிலுள்ள பல மோட்டார் சைக்கிள்களில் முள் சதுர அங்குலத்துக்கு 120 முதல் 150 பவுண்டு வரை காட்டும். 100க்குக் கீழே இறங்கினால் ஐயத்துக்கு இடமுண்டு. சரியான அளவை அந்தந்த வண்டியின் கையேட்டில் காண்க.

அளவு குறைந்திருந்தால், பிளக் துளையில் சில துளி எண்ணெய் விட்டு மீண்டும் சோதிக்கலாம். முள் நன்கு உயர்ந்தால் ரிங்குகளோ சிலிண்டரோ தேய்ந்துள்ளன எனக் கொள்ளலாம். உயராவிடில், தலைப்பகுதி கேஸ்கெட்டில் கசிவு உண்டா எனப் பார்த்தல் வேண்டும்.

பிஸ்டன் கூறும் செய்தி

புகைக்குழாயைக் கழற்றி, அவ்வழியே கைவிளக்கால் ஒளி பாய்ச்சினால் பிஸ்டனின் ஒரு பக்கம் தெரியும். அங்கு நெடுக்குக் கீறல்கள் இருந்தால், எண்ணெய்க் குறைவோ, காற்று மிகுந்த கலவையால் ஏற்பட்ட அதிவெப்பமோ காரணமாகலாம். சிலிண்டரைக் கழற்றிய பின், காற்று நுழையும் பக்கத்தில் பிஸ்டன் மங்கிய சாம்பல் நிறமாகத் தேய்ந்திருந்தால் தூசியே குற்றவாளி. ரிங்குகளுக்குக் கீழே பழுப்பு நிறம் படர்ந்திருந்தால், அழுத்தம் அவ்வழியே கசிந்துள்ளது என்பது பொருள்.

அளந்த பின்னரே முடிவு

சிலிண்டரின் உள்விட்டத்தை மேல், நடு, கீழ் ஆகிய மூன்று இடங்களில், முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அளந்தால் ஆறு அளவுகள் கிடைக்கும். அவற்றுள் பெரியதிலிருந்து பிஸ்டனின் விட்டத்தைக் கழித்தால் இடைவெளி தெரியும்.

ஆர்.எக்ஸ்.இசட். வண்டியின் உள்விட்டம் 56 மில்லிமீட்டர். எடுத்துக்காட்டாக, தேய்ந்த சிலிண்டர் 56.07, பழைய பிஸ்டன் 55.92 எனக் கொள்வோம். இடைவெளி 0.15 மில்லிமீட்டர். இத்தகைய சிறு இயந்திரங்களில் புதிய நிலையில் இவ்விடைவெளி 0.05 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். இப்போது 55.95 அளவுள்ள புதிய பிஸ்டனைப் போட்டால் இடைவெளி 0.12 ஆகக் குறையுமேயன்றிக் குறை தீராது. செலவு செய்தும் பயனில்லை என்று நாம் வருந்துவது இதனால்தான்.

இதற்குத் தீர்வு, 0.25 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனை வாங்கி, அதனை அளந்து, அதற்கேற்பச் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவதாகும். ஆயின் இஃது இரும்பு உறையுள்ள சிலிண்டருக்கே பொருந்தும். புல் வெட்டும் இயந்திரங்கள் பலவற்றில் சிலிண்டரின் உட்புறம் மெல்லிய கடின உலோகப் பூச்சுடையது. அப்பூச்சுத் தேய்ந்தால் சிலிண்டரையும் பிஸ்டனையும் சேர்த்தே மாற்றுதல் நலம்.

மூல காரணத்தைக் களைவோம்

தூசி காரணமெனில் காற்று வடிகட்டியைத் தூய்மை செய்ய வேண்டும். கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும். வடிகட்டியின்றி இயந்திரத்தை ஓட்டவே கூடாது. கார்புரேட்டர் இணைப்பில் காற்றுக் கசிவு உண்டா எனவும் பார்ப்போம். எண்ணெயைக் கண்ணளவில் ஊற்றாமல் அளந்து கலக்க வேண்டும். 25க்கு 1 என்னும் விகிதமாயின் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லிலிட்டர். 50க்கு 1 ஆயின் 20 மில்லிலிட்டர். எண்ணெய் மிகுந்தாலும் கரி படிந்து ரிங்குகள் ஒட்டிக்கொள்ளும். தனி எண்ணெய்த் தொட்டியுள்ள வண்டியில், புறப்படுமுன் தொட்டியைப் பார்ப்பதை வழக்கமாக்கிக் கொள்வோம்.

உயிர் காக்கும் எச்சரிக்கை

எண்ணெயின்றியோ அதிவெப்பத்தாலோ பிஸ்டன் சிலிண்டரில் இறுகிக்கொண்டால், ஓடும் வண்டியின் பின்சக்கரம் திடீரெனப் பூட்டிக்கொள்ளும். வேகம் தானே தளர்ந்து ஒலி மாறுவதை உணர்ந்தவுடன் கிளட்சை அழுத்திப் பிடித்து, ஓரமாக நிறுத்த வேண்டும். உடனே மீண்டும் உதைத்து முடுக்க முயலலாகாது.

அடுத்த முறை பட்டறைக்குச் செல்லும்போது, "பிஸ்டன் மாற்றுங்கள்" என்று சொல்வதற்கு முன், "சிலிண்டர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, அளந்து காட்டுங்கள்" என்று கேட்போம். அவ்வொரு கேள்வி நம் உழைப்பில் வந்த பணத்தைக் காக்கும். நம் உயிருக்கும் அரணாக அமையும்.