தானம், திருட்டு, வரிக்கழிவு

அன்புள்ள நிலா,

சென்னையில் உட்கார்ந்து அமெரிக்கர்களின் வரிப் படிவங்களை நிரப்புகிறாய். "கொடுத்தது உண்மை, பறிபோனதும் உண்மை. அப்புறம் ஏன் மாமா தகராறு?" என்று கேட்டிருந்தாய். உண்மை மட்டும் அங்கே செல்லாதம்மா. அதை யார் கையெழுத்தோடு, எந்தக் கெடுவுக்குள் காட்டினார் என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

கலிபோர்னியாவில் ஒரு ரியல் எஸ்டேட் தரகர். சொத்து மதிப்பீட்டாளரும் அவரே. 1.85 கோடி டாலருக்கு மேல் பெறுமானமுள்ள சொத்துகளைத் தர்மத்துக்கான டிரஸ்ட் ஒன்றுக்கு எழுதிக்கொடுத்தார். பணமாக இல்லாத தானத்துக்கு உரிய 8283-ஆம் படிவத்தை, விளக்கக் குறிப்பைப் படிக்காமலே நிரப்பினார். மதிப்பையும் தானே போட்டுக்கொண்டார். 5,000 டாலரைத் தாண்டினால் வெளியாள் ஒருவர் முறைப்படி மதிப்பிட்டு, கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் அறிக்கை கைக்கு வந்திருக்க வேண்டும். மதிப்பை ஊதிக் காட்டி வரியைக் குறைத்தவர்களால்தான் 1984-ல் இந்தக் கெடுபிடி வந்தது. இவரோ தணிக்கை தொடங்கிய பிறகு ஓடிப்போய் அறிக்கை வாங்கினார். பலிக்கவில்லை. 2012-ல் வரி நீதிமன்றம் கழிவு முழுவதையும் மறுத்தது. அவர் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தே சொல்லியிருக்கலாம், முடிவு கடுமையானதுதான் என்று தீர்ப்பே ஒப்புக்கொள்கிறது. எனக்கும் மனசு ஆறவில்லை.

திருட்டு இன்னும் விசித்திரம். 2018 முதல், வீட்டு நகை களவுபோனால் பொதுவாகக் கழிவு கிடையாது; லாபம் கருதிப் போட்ட பணம் மோசடியில் போனால் உண்டு. 2025-ல் அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.-இன் சட்டப் பிரிவு ஒரு குறிப்பில் இதை விளக்கியது. போலி முதலீட்டில் ஏமாந்தவருக்குக் கழிவு உண்டு. காதலிப்பதாக நடித்த ஆளை நம்பிப் பணம் அனுப்பியவருக்கு இல்லை. பேரனைக் கடத்திவிட்டோம் என்ற மிரட்டலுக்குப் பயந்து கொட்டிக்கொடுத்தவருக்கும் இல்லை. ஆசைக்குச் சலுகை, பாசத்துக்குக் கைவிரிப்பு!

இன்னொன்று, ஆண்டு. பணம் போன ஆண்டில் அல்ல, திருட்டு தெரியவந்த ஆண்டில்தான் கழிவு. அதுவும் திரும்பக் கிடைக்க நியாயமான வாய்ப்பு இருக்கும் பகுதிக்குக் காத்திருக்க வேண்டும். இந்த 'வாய்ப்பை' யார் அளப்பது? 2008 டிசம்பரில் முதலீட்டு மோசடிக்காரர் மேடாஃப் பிடிபட்டதும் இதே சிக்கல். 2009-ல் ஐ.ஆர்.எஸ். ஒரு குறுக்குவழி கொடுத்தது: மூன்றாம் தரப்பிடம் பணத்தைக் கேட்டு வழக்காடாதவருக்கு இழந்த முதலீட்டில் 95 சதவீதம் கழிவு, வழக்காடுபவருக்கு 75. கைக்கு வந்ததையும் காப்பீட்டில் வரக்கூடியதையும் அதில் கழித்துவிட வேண்டும்.

இனி யாராவது 'ஏமாந்துவிட்டேன்' என்று எழுதினால், எதற்காகப் பணம் போட்டார், எந்தத் தேதியில் தெரிந்தது, வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்று கேட்டு, காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு அப்புறம் கணக்கைத் தொடு.

அன்புடன்,
மாமா